சி.ஆர்.ஆர்.ஐ., பி.ஜி. மருத்துவர்களுக்கான மனநலக் குழு: எல்லாம் இருக்கிறது, யாரும் வருவதில்லை

கேள்வி: வார்டு_12

வணக்கம். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர். ஹவுஸ் சர்ஜன்கள் (சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சியில் இருப்பவர்கள்), பி.ஜி. (முதுநிலை) மாணவர்களின் மனநலத்துக்கான குழுவை நடத்தும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

இப்போதுள்ள ஏற்பாடு: துணை முதல்வர் தலைவர், நான்கு துறைத் தலைவர்கள் உறுப்பினர்கள். மனநல ஓ.பி.யை ஒட்டிய அறையில் புதன்கிழமை மதியம் 2 முதல் 4 வரை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உட்கார்ந்திருப்பார். ஹாஸ்டலிலும் கேன்டீனிலும் போஸ்டர் ஒட்டியாயிற்று. வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் லேபர் வார்டிலும் கேஷுவால்டியிலும் பிள்ளைகள் படும் பாட்டை சிஸ்டர்கள் தினமும் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: ஏன் வருவதில்லை? எல்லாருக்கும் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 படிவம் கொடுத்துக் கண்டுபிடிக்கலாமா? டூட்டி சார்ட்டில் கூடுதல் ஆள் இல்லாமலே ஏதாவது மாற்ற முடியுமா? வார்டில் எதிர்பாராத மரணம் நடந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்றே என்ன செய்ய வேண்டும்? பொதுவான அறிவுரை வேண்டாம். நாளைக்கே டீன் முன்னால் வைக்கக்கூடிய அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மனநலத்துறை_மேற்கு

சார், உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பி.ஜி.யின் தீசிஸில் கையெழுத்துப் போடுகிறவரும் ஹவுஸ் சர்ஜனின் கம்ப்ளீஷனில் (பயிற்சி முடித்த சான்றில்) கையெழுத்துப் போடுகிறவரும்தான். "எனக்கு முடியவில்லை" என்று அவர்கள் முன்னால் எந்தப் பிள்ளை வந்து சொல்லும்? மதிப்பிடுகிறவர் வேறு, உதவுகிறவர் வேறு என்று முதலில் பிரியுங்கள். துறைத் தலைவர்கள் குழுவில் இருக்கலாம், ஆனால் பணம், இடம், நேரம் ஏற்பாடு செய்வதோடு நிற்க வேண்டும். யார் வந்தார்கள் என்ற தகவல் அவர்கள் மேசைக்கே போகக் கூடாது. இதை அரைப் பக்கத்தில் எழுதி டீன் கையெழுத்தோடு போஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மனநலச் சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைத்திருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் உள்ள உரிமை. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. அந்த விதிவிலக்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது நேரம். புதன் மதியம் 2 மணிக்கு வார்டில் ஸ்கேன் சீட்டு, சாம்பிள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். மாலை 6 முதல் 8 வரை, வாரத்தில் இரண்டு நாள் என்று மாற்றுங்கள். அதைவிட முக்கியம், பகலில் வர வேண்டியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் டூட்டியாகக் கணக்காக வேண்டும்.

இடமும் தவறு. மனநல ஓ.பி. வாசலில் நின்றால் ஓ.பி. சீட்டு போடுகிறவர், ரிஜிஸ்டர் எழுதுகிறவர், மருந்து கொடுக்கிறவர் என்று மூன்று பேருக்காவது பெயர் தெரிந்துவிடும். மறுநாள் அதே பிள்ளை அதே கவுண்டரில் நோயாளிக்காக நிற்க வேண்டும். லைப்ரரி மாடி, ஸ்கில் லேப் பக்கம் என்று ஏதாவது பொதுவான இடத்தில் ஓர் அறை பிடியுங்கள். பெயருக்குப் பதில் எண். சைக்காலஜிஸ்ட்டிடம் மட்டும் இருக்கும் போனில் நேரடியாக நேரம் கேட்கும் வசதி. மருந்து தேவைப்படுகிறவர்களை உங்கள் கல்லூரியிலேயே பார்க்காமல், பக்கத்து மாவட்டக் கல்லூரியின் மனநலத் துறையோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள், உங்கள் பிள்ளைகளை அவர்கள் பார்க்கட்டும். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

பி.எச்.க்யூ.-9 பற்றி: ஒன்பது கேள்வி, மொத்தம் 27, 10 அல்லது அதற்கு மேல் என்றால் மதிப்பீடு தேவை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆபத்து ஒன்பதாவது கேள்வியில் இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. நூற்றைம்பது பேருக்குப் பெயர் எழுதிய படிவம் கொடுத்து, அதை யாரோ ஒரு வாரம் கழித்து எக்செல்லில் ஏற்றினால், "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்" என்று குறித்த பிள்ளையை அந்த ஒரு வாரமும் தனியாக விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். படிவம் வாங்கிய அன்றே அந்தக் கேள்வியைப் பார்த்து, அன்றே நேரில் பேச ஆள் இருந்தால் மட்டும் பெயரோடு நடத்துங்கள். இல்லையென்றால் பெயரில்லாமல், யூனிட் வாரியாக, களைப்பை மட்டும் அளக்கும் கோபன்ஹேகன் படிவத்தை வையுங்கள். 19 கேள்வி, கட்டணம் கிடையாது. எந்த யூனிட்டில் பிரச்சினை என்று அதிலேயே தெரிந்துவிடும். பிள்ளையைத் திருத்துவதைவிட யூனிட்டைத் திருத்த வேண்டிய இடங்கள்தான் அதிகம்.

இதன் அளவு புரிய வேண்டுமென்றால், தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையை டீனுக்குக் காட்டுங்கள். ஆன்லைன் சர்வேயில் பதில் சொன்ன பி.ஜி.க்கள் 5,337 பேரில் 31 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் தந்த சர்வே, அந்த வரம்பு உண்டு. இருந்தாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் இல்லை.

இன்னொன்று, தாமே மருந்து போட்டுக்கொள்வது. மருத்துவர்களிடம் இது மிக அதிகம். தூக்கம் வரவில்லை என்று ஃபிரெண்டிடம் எழுதி வாங்கிய அல்பிரசோலாம் ஒரு பக்கம், காரிடாரில் நின்று கேட்டு ஆரம்பித்த மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோப்ராம் இன்னொரு பக்கம். எஸ்சிடலோப்ராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தில் முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் வரும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லாததால் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டு "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டிய மருந்து அது. அறிவுக்குத் தெரியும். தனக்கு என்று வரும்போது தெரியாது. அதனால் மருத்துவரையும் முழு நோயாளியாக நடத்துங்கள்: ஃபைல், அடுத்த தேதி, மருந்துச் சீட்டு எல்லாம் முறைப்படி இருக்கட்டும்.

பதில் 2: சார்ட்_போடுகிறவன்

டூட்டி சார்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். கவுன்சலிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், 34 மணி நேரம் நின்றவருக்கு அது போய்ச் சேராது.

கணக்கைப் பாருங்கள். திங்கள் முதல் சனி வரை காலை 8 முதல் மாலை 5: 54 மணி நேரம். அட்மிஷன் நாள் (யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) மாலை 5 முதல் மறுநாள் காலை 8 வரை 15. வாரத்தில் இன்னொரு ஐ.சி.யூ. அல்லது வார்டு இரவு, இன்னொரு 15. மொத்தம் 84. ஞாயிறு ரவுண்ட்ஸ் மூன்று மணி நேரம் சேர்த்தால் 87. மேலே சொன்ன பணிக்குழு சொல்லும் உச்சவரம்பு வாரம் 74, கூடவே வாரம் ஒரு நாள் ஓய்வு. 2023 பி.ஜி. ஒழுங்குமுறையிலும் வார விடுமுறையும் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் ஊதிய விடுப்பும் எழுதியிருக்கிறது. "பணியின் அவசியத்துக்கு உட்பட்டு" என்ற வரியும் அதே இடத்தில் இருக்கிறது. எல்லா யூனிட்டும் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான்.

ஆள் சேர்க்காமல் செய்யக்கூடியது: இரவு பார்த்தவரை மறுநாள் மதியம் 12 மணிக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு இரவுக்கு ஐந்து ஐந்தாகப் பத்து மணி நேரம் குறையும், 84 என்பது 74 ஆகும். ஞாயிறு ரவுண்ட்ஸுக்கு ஆறு பி.ஜி.யும் வர வேண்டாம். இரண்டு பேர் போதும், அவர்களுக்குச் சனிக்கிழமை மதியமே ஆஃப். மீதி நால்வருக்கும் ஞாயிறு முழுசாகக் கிடைக்கும்.

சொல்ல எளிது. நடைமுறையில் 12 மணிக்கு யாரும் கிளம்புவதில்லை, அதற்குக் காரணம் சோம்பலோ பயமோ இல்லை. சீஃப் (யூனிட் தலைவர்) ரவுண்ட்ஸ் 11 மணிக்கு ஆரம்பிக்கும். இரவு பார்த்தவர் அட்மிட் பண்ணின கேஸ் பதினெட்டாவது கட்டிலில் இருக்கும். ஆகவே ரவுண்ட்ஸின் வரிசையை மாற்றுங்கள்: கட்டில் வரிசையை விட்டுவிட்டு இரவு டூட்டிக்காரரின் கேஸ்களை முதலில் பாருங்கள், 11:30-க்குள் முடியட்டும். பிறகு ஒரு தாளில் ஹேண்ட் ஓவர். ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கே கட்டம்: பெயரும் கட்டிலும், என்ன பிரச்சினை, எது வர வேண்டியிருக்கிறது, மோசமானால் என்ன செய்வது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனாலும் போன் அடித்துக்கொண்டே இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி இரவு பார்த்தவர் தலையில் விழக் கூடாது.

இரவிலும் ஒரு விஷயம். இரண்டு பேர் இருந்தால் 12 முதல் 5-க்குள் முறை வைத்து ஆளுக்கு 90 நிமிடம் படுக்க வேண்டும். போனைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் படுக்க வேண்டும், தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தால் அது தூக்கம் இல்லை. எழுந்தவுடன் கால் மணி நேரம் மந்தமாக இருக்கும், அப்போது டோஸ் கணக்கு போட வேண்டாம். தூங்கப் போவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் காபி குடிக்க வேண்டாம். காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும்.

டூட்டி முடிந்து டூவீலரில் வீட்டுக்குப் போகிறவர்களைக் கவனியுங்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் வேகமும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருக்குச் சமம் என்பது 1997-லேயே அளந்து பார்த்த விஷயம். நம் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிப்பது 0.03. டூட்டி ரூமில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அதற்கு டூட்டி ரூம் என்று ஒன்று இருக்க வேண்டும்: உள்பக்கத் தாழ்ப்பாள், தண்ணீர் வரும் கழிப்பறை, வார்டிலிருந்து வெளிச்சம் உள்ள வழி, பெண்களுக்குத் தனி அறை. இதைக்கூடச் செய்யாமல் மனநலம் பற்றிப் பேசப் போனால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை.

பதில் 3: ஓஜி_தியேட்டர்_2

உங்கள் கடைசிக் கேள்விக்கு, மகப்பேறு வார்டை வைத்துச் சொல்கிறேன். ஏனென்றால் நம் மாநிலத்தில் பி.ஜி.க்களை உடைத்துப் போடுவது பெரும்பாலும் இரண்டு நிகழ்வுகள்: தாய் இறந்த அந்த இரவு, அதற்குப் பிறகு வரும் டெத் ஆடிட் (மரணம் எப்படி நடந்தது என்று ஆராயும் கூட்டம்).

முதல் அரை மணி நேரம்: அந்த பி.ஜி.யின் போனையும் மற்ற நோயாளிகளையும் இன்னொருவரிடம் மாற்றுங்கள். குடும்பத்தாரிடம் சொல்வது அசிஸ்டென்ட் (உதவிப் பேராசிரியர்) அல்லது சீஃபின் வேலை. அவர் வரும்வரை யாரும் வெளியே போய்ப் பேச வேண்டாம். சொல்வதற்கு முன்பே ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அலுவலர்) போலீஸ் அவுட்போஸ்டுக்கும் தகவல் போய்விட வேண்டும். 2008-இல் வந்த மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது, ஆனால் கும்பல் கூடிய பிறகு சட்டம் வந்து கதவைப் பிடிக்காது. முதலாமாண்டு பி.ஜி.யை வார்டு வாசலில் தனியாக நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கேஸ் ஷீட்: பதற்றத்தில் பழைய பதிவுகளை அடித்துத் திருத்த வைக்காதீர்கள். விட்டுப்போனதை, எழுதும் நேரத்தைக் குறிப்பிட்டு, தாமதமாக எழுதிய குறிப்பு என்றே எழுதட்டும். பக்கத்தில் ஒரு சீனியர் உட்கார வேண்டும். திருத்தச் சொல்லி வந்த வாய்மொழி உத்தரவுதான் பின்னால் அந்தப் பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்யும்.

ஷிஃப்ட் முடிவதற்குள் ஐந்து பத்து நிமிடம், அந்த அறையில் இருந்த எல்லாரும், சிஸ்டர், மயக்க மருத்துவர், ஹவுஸ் சர்ஜன் உட்பட, சேர்ந்து நில்லுங்கள். என்ன நடந்தது, எது சரியாக நடந்தது, எந்தப் பொருள் அல்லது ஆள் கிடைக்கவில்லை, இப்போது யாருக்கு என்ன தேவை. அவ்வளவுதான். "மனதில் உள்ளதை எல்லாம் கொட்டிவிடு" என்று ஒரே அமர்வில் கட்டாயப்படுத்தும் உளவியல் டீப்ரீஃபிங் வேண்டாம். அது பலன் தருவதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்பதால் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்பினால் ஆள் இருக்கிறார் என்பது தெரிந்தால் போதும்.

மூன்றாம் நாள் ஒருவர், பெயர் சொல்லி நியமிக்கப்பட்டவர், போய்ப் பார்க்க வேண்டும். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் மேம்" என்றுதான் வரும். "ராத்திரி தூங்குனியா? அந்தக் கேஸ் ஷீட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பாக்குறியா? மறுபடி அதே டேபிள்கிட்ட நிக்க முடியுதா?" என்று கேளுங்கள். தேவையில்லாமல் எல்லாருக்கும் ஒன்றுக்கு நான்கு டெஸ்ட் எழுதுவது, டூட்டி மாற்றிக்கொண்டே இருப்பது, ஹாஸ்டலிலிருந்து நள்ளிரவில் போன் செய்து பி.பி. கேட்பது, இதெல்லாம் வெளியே தெரியும் அறிகுறிகள். ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் காட்சி கண்ணில் வந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக மருத்துவமனை இதை மூன்று படியாக வைத்திருக்கிறது: சுமார் 60 சதவீதத்தினருக்குத் தம் யூனிட் ஆட்களின் ஆதரவே போதும், 30 சதவீதத்தினருக்குப் பயிற்சி பெற்ற சக ஊழியர் வேண்டும், 10 சதவீதத்தினருக்கு நிபுணர் வேண்டும். நம் ஊரில் பத்து சதவீதத்துக்கான சைக்காலஜிஸ்ட்டை நியமித்துவிட்டு முதல் அறுபதை மறந்துவிடுகிறோம்.

ஆடிட்: மாநில அளவில் காணொலியில் நடக்கும்போது பி.ஜி.யைக் கேமரா முன் தனியாக உட்கார வைக்காதீர்கள். யூனிட் சீஃப் பேச வேண்டும். நேர வரிசையை முந்தைய நாளே ஒரு பக்கத்தில் தயார் செய்து அந்த பி.ஜி.யிடம் படித்துக் காட்டுங்கள்: எத்தனை மணிக்கு ரத்தம் கேட்டோம், எத்தனை மணிக்கு வந்தது, தியேட்டர் எப்போது காலியானது. தாமதங்கள் பெரும்பாலும் ஆள், ரத்தம், ஆம்புலன்ஸ் பக்கம் இருப்பது அந்தப் பக்கத்தில் அவர்களுக்கே தெரியும். ஆடிட்டில் கேட்ட கடுமையான வார்த்தையை வாட்ஸ்அப் குரூப்பில் பெயரோடு போடுவது அடுத்த கொடுமை. துறைத் தலைவர் அதை அன்றே நிறுத்த வேண்டும்.

வார்டு_12

மூவருக்கும் நன்றி. ரவுண்ட்ஸ் வரிசையை மாற்றுவதும், பக்கத்துக் கல்லூரியோடு மாற்றிக்கொள்வதும் உடனே பேசக்கூடியவை. இன்னும் இரண்டு சந்தேகம். டீன் மாதாமாதம் ரிப்போர்ட் கேட்பார், அதில் என்ன எழுதலாம்? ஆல் இந்தியா கோட்டாவில் வந்த, தமிழ் தெரியாத பி.ஜி.க்கள் நிறைய இருக்கிறார்கள். நள்ளிரவில் ஒருவர் "இனிமேல் முடியாது" என்று நண்பருக்கு மெசேஜ் போட்டால் அந்த நண்பர் என்ன செய்ய வேண்டும்?

மனநலத்துறை_மேற்கு

ரிப்போர்ட்டில் எண்ணிக்கை மட்டும். மொத்தம் ஐந்து பேருக்குக் குறைவாக வந்திருந்தால் அந்த மாதத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். துறை, ஆண்டு, ஆண் பெண் பிரித்தால் ஆள் தெரிந்துவிடும். டீனுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு பட்டியல்: எத்தனை பேர் 12 மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், எத்தனை வார ஆஃப் கொடுக்கப்பட்டது, எந்த டூட்டி ரூமில் தாழ்ப்பாள் இல்லை.

அரசுக் கல்லூரி பி.ஜி. இடங்களில் பாதி ஆல் இந்தியா கோட்டா என்பதால் மொழி ஓரமான பிரச்சினை இல்லை. நோயாளியோடு பேச முடியாததே அவர்களுக்கு முதல் ஆறு மாதம் பெரிய அவமானம். முதல் மாதத்திலேயே வார்டுத் தமிழ் வகுப்பு வையுங்கள், "எங்க வலிக்குது, எத்தனை நாளா, வாந்தி இருக்கா" என்ற அளவுக்கு. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் இந்தி, மலையாளம், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் 24 மணி நேரமும் பேசலாம். நம் அரசுக் கல்லூரிகளுக்கு 2022 இறுதியில் மாணவர் மனநலத்துக்காக வந்த "மனம்" மன்றமும் உங்கள் கல்லூரியில் இருக்கும். புதிதாக இன்னொரு குழு வளர்ப்பதைவிட அதை ஹவுஸ் சர்ஜன்கள், பி.ஜி.க்கள் வரைக்கும் நீட்டுங்கள்.

நள்ளிரவு மெசேஜ்: நண்பர் செய்ய வேண்டியது மூன்றே வேலை. உடனே போன் பண்ணி, எங்கே இருக்கிறார் என்று கேட்டு, அங்கே போய்ச் சேர வேண்டும். நேரடியாகக் கேட்க வேண்டும்: "சாகணும்னு தோணுதா? இப்பவா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்டதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்ட பிறகு பெரும்பாலும் மூச்சு விட்டுப் பேசுவார்கள். ஆம் என்றால் தனியாக விடாமல், ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொண்டு, டூட்டி மனநல மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்த எண் ஒவ்வொருவர் போனிலும் முன்பே பதிந்திருக்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று கேட்டால் ஒத்துக்கொள்ளக் கூடாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பார்கள். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் இல்லை. காலையில் அவரை மட்டும் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள், கூட ஒருவர் போக வேண்டும். திரும்பி வரும்போது முதல் சில வாரம் இரவு டூட்டி இல்லாமல், ஐ.சி.யூ. இல்லாமல் ஆரம்பிக்கட்டும். எத்தனை நாள் விட்டார் என்று எக்ஸ்டென்ஷன் (பயிற்சிக் கால நீட்டிப்பு) கணக்கை அன்றைக்கே காட்ட வேண்டாம்.

பதில் 4: இன்டர்ன்_ரூம்

ஹவுஸ் சர்ஜன் பக்கத்திலிருந்து சில விஷயம், சார். ஆண்டுக்கு 15 நாள் லீவு. அதற்கு மேல் காய்ச்சலில் படுத்தாலும் எக்ஸ்டென்ஷன் என்பதால் உடம்பு முடியாமலே டூட்டிக்கு வருகிறார்கள். ஒருவர் லீவு எடுத்தால் கூட இருக்கும் கோ-இன்டர்ன் தலையில் இரண்டு பேர் வேலை விழும், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். ஒவ்வொரு போஸ்டிங்கிலும் ரிசர்வ் ஆள் ஒருவர் சார்ட்டிலேயே பெயரோடு இருந்தால் இரண்டும் குறையும்.

சாம்பிளை லேபுக்குக் கொண்டு போவது, ட்ராலி தள்ளுவது, ரத்தப் பைக்கு ஓடுவது என்று இரவெல்லாம் போகிறது. எந்தெந்த வேலை யாருடையது என்று ஆர்.எம்.ஓ. கையெழுத்தில் ஒரு தாள் வார்டில் ஒட்டினாலே பாதி அவமானம் போய்விடும்.

ஊசி குத்திக்கொண்டால் ஏற்படும் பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் இரவு 2 மணிக்கு ஏ.ஆர்.டி. சென்டர் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) பூட்டியிருக்கும். கேஷுவால்டி மருந்து அலமாரியில் ஸ்டார்ட்டர் பேக் (முதல் டோஸ்களுக்கான மருந்து) இருக்கட்டும், சாவி யாரிடம் என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு 28 நாள் மாத்திரை, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப டெஸ்ட். அந்த மாதங்களில் யாரும் விசாரிப்பதே இல்லை. பரிசோதனைத் தேதிகளை நினைவுபடுத்தவும், அப்படியே ரெண்டு வார்த்தை பேசவும் ஒருவரை நியமித்தால் நன்றாக இருக்கும்.

புது பேட்ச் சேரும் முதல் நாள் ஓரியன்டேஷனில் டூட்டி மனநல மருத்துவர் எண், 14416, ராகிங் புகாருக்கு 1800-180-5522 மூன்றையும் எல்லாரையும் அங்கேயே போனில் பதியச் சொல்லுங்கள். போஸ்டரைப் பார்த்து யாரும் எண் குறித்துக்கொள்வதில்லை.